தோட்டக்காட்டுக் கோடி

சுவா,
மலேசியா.
17.3.2024

தம்பி மணியத்துக்கு பஞ்சாலை எழுதுவது.

நாங்கள் இங்கே நலம் என்று எழுதினால் பாதி பொய். முழங்கால் நலமில்லை. மற்றபடி சோறு இறங்குகிறது, தூக்கம் வருகிறது, உன் மேல் உள்ள கோபமும் குறையில்லாமல் இருக்கிறது.

உன் கடிதத்தைக் கொண்டுவந்த மலாய்க்காரப் பையன் இந்தியா ஸ்டாம்பைப் பார்த்துவிட்டு, என்னைப் பாட்டி முறை வைத்து, "நெனெக், போய்பிரண்டா?" என்று கேட்டான். "முசு" என்றேன். எதிரி என்று அர்த்தம். அவன் சிரித்துக்கொண்டே மோட்டாரை எடுத்தான். நான் சிரிக்கவில்லை.

காது அடைத்துவிட்டது, போனில் ஒன்றும் கேட்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன் என்று போட்டிருக்கிறாய். எனக்கும் அதுவே நல்லது. உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். அழுதால் கோபம் போய்விடும். காகிதத்தில்தான் அது நிற்கும். பேத்தி மாதவி, "நீங்க சொல்லுங்க பாட்டி, நான் டைப் பண்றேன் லா" என்றாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனாலும் உன்னைத் திட்டுவதற்கு இன்னொருத்தி கை எனக்கு எதற்கு.

நீ எழுதியது எனக்குச் சரியாகப் புரிந்ததா, பார்த்துக்கொள். மல்லாட்டைக் கடலை போட்டுக்கொண்டிருந்த அப்பா நிலத்தில் உன் மகன் குணாளன் செம்பனை, நீங்கள் சொல்கிற பாமாயில் மரம், வைத்துவிட்டான். வெளிநாட்டு எண்ணெயை எத்தனை நாள் வாங்கித் தின்பது, நம் மண்ணிலேயே விளையட்டும் என்று அரசாங்கம் கன்று கொடுத்தது, சொட்டுநீர்க் குழாய் கொடுத்தது. மூன்று வருஷம் தண்ணீர் விட்டு வளர்த்தாயிற்று. இப்போது குலை தள்ளுகிறது, ஆனால் பழம் பிடிக்காமல் கறுத்து அழுகிப் போகிறது. அக்கா, நீ அந்த மரத்தோடேயே கிடந்தவள், என்ன செய்யலாம் சொல் என்கிறாய்.

வெளிநாட்டு எண்ணெய் என்பது எங்கள் எண்ணெய்தானடா. அதை வாங்காமல் இருப்பதற்கு என்னிடமே வழி கேட்கிறாய். உன் நெஞ்சழுத்தம் இன்னும் போகவில்லை.

நீ கப்பல் ஏறின நாள் எனக்கு நேற்றுப் போல. உனக்கும் அப்பா அம்மாவுக்கும் சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்கள் அட்டை. கட்டிக்கொண்டவரால் எனக்கு நீல ஐசி. அட்டையின் நிறத்தைப் பார்த்து ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்களைப் பிரித்தார்கள். துறைமுகத்தில் என் மகன் முகுந்தனைத் தோளில் வைத்துக்கொண்டு நீ சொன்னாய்: "எனக்குப் பொண்ணு பொறந்தா இவனுக்குத்தான் அக்கா. சத்தியம்." நான் சத்தியம் கேட்கவில்லை. நீயாகச் செய்தாய்.

உனக்குத் திலகா பிறந்தாள். அவளுக்கு வயது வந்ததும் கேட்டு எழுதினேன். பதில் இல்லை. பழனிக்குப் போன நம் லயத்து வரிசை வீட்டு வள்ளியம்மா உன் வீட்டுக்கும் போய்விட்டு வந்தாள். பையைக்கூட இறக்கி வைக்காமல் சொன்னாள்: "தோட்டக்காட்டுக்கு எவனாச்சும் பொண்ணு குடுப்பானான்னு வாசல்ல நின்னுக்கிட்டு கேக்குறாரு ஒன் தம்பி." முகுந்தனுக்கு வேறு பெண் கிடைத்தாள். பிள்ளைகள் பிறந்தார்கள். லோபாக்கில் வீடு வாங்கினான், நன்றாகத்தான் இருக்கிறான். நான்தான் அந்த வார்த்தையை இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன்.

அது போகட்டும் என்றால், என் வீட்டுக்காரர் செத்தபோது பொறந்த வீட்டுக் கோடி வரவில்லை. தாலி கழற்றுகிறவள் மேல் உடன்பிறந்தவன் புதுச்சேலை கொண்டுவந்து போடுவான். உனக்குத் தந்தி கொடுத்தோம். அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்விட்டார்கள், இருந்திருந்தால் உன்னைத் துரத்தியிருப்பார்கள். பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு வாசலைப் பார்த்தார்கள். கடைசியில் பக்கத்து வீட்டு நீலாவதி, தீபாவளிக்கு எடுத்து வைத்திருந்த தன் சேலையைக் கொண்டுவந்து என் மேல் போட்டாள். அனாதைக்குப் போடுவது போல.

இப்போது, முதல் குலை வெட்டு விழுந்ததும் உன்னைப் பார்க்க வருவேன் என்கிறாய். எனக்கு வேண்டியது ஒன்றுதான். வரும்போது கோடி கொண்டு வா. உயிரோடு இருப்பவளுக்குக் கோடி எடுப்பார்களா என்று கேட்காதே. நான் கண்ணை மூடுகிற அன்று நீ பிளேன் பிடித்து வந்து நிற்கப் போவதில்லை. என் கையில் கொடு, பெட்டியில் வைத்துக்கொள்கிறேன். நான் போகும்போது என் மேல் பொறந்த வீட்டுச் சேலை கிடக்க வேண்டும். இந்தத் தடவை இரக்கப்பட நீலாவதியும் இல்லை.

அதற்காகத்தான் சொல்லித் தருகிறேன், உனக்காக இல்லை. நீ போன பிறகுதான் இங்கே ரப்பர் பால்மரத்தைத் தள்ளிவிட்டுச் செம்பனை நட்டார்கள். இப்போது ஒரு சின்ன வண்டு பூவுக்குப் பூ தூளைக் கொண்டுபோகிறது. அன்றைக்கு அந்த வண்டு இல்லை. பெண்கள் நாங்கள்தான் அந்த வேலையைச் செய்தோம். ஆண் பூவை வெட்டிக் காயவைத்துத் தட்டினால் மஞ்சள் தூள் கொட்டும். சோம்பு வாசம் அடிக்கும். அதை முகத்துக்குப் போடுகிற பவுடரோடு கலந்து, குழாய் வைத்த ரப்பர் பந்தில் அடைத்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பூவின் மேல் ஊதிவிட வேண்டும். பூ வெளிறின மஞ்சளாக இருக்கும்போதே அடிக்க வேண்டும். சிவந்துவிட்டால் காலம் கடந்துவிட்டது. புக்கிட் பெலண்டோக் பக்கம் எங்களைக் கண்டால் குலை வெட்டுகிற ஆண்கள், "மரத்துக்கு மாப்பிள்ள பாக்குற கூட்டம் வருது டோய்" என்பார்கள். "ஒனக்கும் பாக்கணுமா, மூஞ்சக் காட்டு" என்று முகத்திலேயே ஊதிவிடுவோம்.

இளமரத்தில் ஆண் பூ அபூர்வம். மாப்பிள்ளையை வெளியூரில்தான் தேட வேண்டும். வயதான மரம் வைத்திருப்பவர்களிடம் கேள். கொடுப்பார்கள். எல்லாரும் உன்னைப் போல இருக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
பஞ்சாலை


மேலப்பட்டு,
விருத்தாசலம் வழி.
22.5.2024

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி மணியம் கும்பிட்டு எழுதிக்கொண்டது.

கடிதம் கிடைத்தது. கீழே "அக்கா" என்று போடாமல் வெறும் பெயரைப் போட்டிருக்கிறாய். பார்த்தேன். ஏன் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

நீ சொன்னபடி நெய்வேலி போகிற வழியில் வெகு காலமாக மரம் வைத்திருக்கிற ஒருவரிடம் ஆண் பூ கேட்டோம். சாக்கு நிறைய வெட்டிக் கொடுத்துவிட்டு, காசு வேண்டாம் என்றுவிட்டார். விவசாய ஆபீசர் நல்ல மனுஷன். "நானும் வண்டுக்கு எழுதிப் போட்டிருக்கேன் ஐயா. அது வர்ற வரைக்கும் இப்படியே அடிங்க, நல்லதுதான்" என்று காகிதத்தில் எழுதிக் காட்டினார்.

அடிக்கிறது யார் என்றால், குணாளன் இல்லை. அவன் திருப்பூருக்கும் ஊருக்கும் அலைகிறான். எனக்குக் குனிந்தால் மூச்சு வாங்குகிறது. திலகாதான் அடிக்கிறாள். அவளைக் கொடுத்த இடத்தைப் பற்றி நான் உனக்கு எழுதவில்லை. அந்த வீட்டில் அவள் இருந்தது கொஞ்ச காலம்தான். ஒரு மஞ்சள் பையோடு திரும்பி வந்தாள், பிள்ளை இல்லை. அதற்குப் பிறகு வீட்டில் யாரோடும் அதிகம் பேசுவதில்லை. இப்போது விடிந்ததும் ரப்பர் பந்தை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்புகிறாள். தூள் எப்படிக் கலப்பது என்று பார்க்க உன் கடிதத்தைக் கேட்டாள். கொடுத்தேன். மேலே நீ எழுதியிருந்ததை எல்லாம் படித்திருப்பாள். "அத்த நல்லா எழுதுது" என்றாள். கடிதத்தைத் திருப்பித் தரவில்லை.

மல்லாட்டை பிடுங்க வருகிற பெண்களுக்கு எங்கள் மேல் வருத்தம். மரம் வைத்து அவர்கள் கூலியைக் கெடுத்துவிட்டோம். வரப்பில் போகும்போது, "தோட்டக்காட்டாரு வூட்டுல இனிமே நமக்கு என்னாடி வேல" என்று பேசிக்கொண்டு போகிறார்கள். ஊரில் எங்களுக்கு இப்போது அதுதான் பெயர், அக்கா. தோட்டக்காட்டார். காது கேட்காதவன்தானே என்று பக்கத்தில் நின்றே சொல்கிறார்கள். வாயசைவில் எனக்குத் தெரிகிறது. அந்த ஒரு வார்த்தை வாயில் எப்படி வரும் என்று எனக்குத் தெரியாதா.

பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்திருக்கிறேன். சேலை என்ன நிறத்தில் எடுக்கட்டும்?

அன்புத் தம்பி,
மணியம்


சுவா,
30.7.2024

தம்பி மணியத்துக்கு,

உன்னைத் தோட்டக்காட்டார் என்கிறார்கள் என்று படித்ததும் எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. நான் நல்லவள் இல்லை. கொஞ்ச நேரம் வீட்டுக்குள்ளேயே நடந்து நடந்து சிரித்தேன். பிறகு திலகாவைப் பற்றி எழுதியிருந்த இடத்துக்கு வந்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்கு ஏனடா சொல்லவில்லை? இத்தனை காலமும் அவள் எங்கோ நல்ல வீட்டில் பிள்ளை குட்டியோடு இருக்கிறாள், நமக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை என்று வயிறு எரிந்துகொண்டிருந்தேன். ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்து எரிந்திருக்கிறேன். இங்கே வந்திருந்தால் ராணி மாதிரி வாழ்ந்திருப்பாள் என்று சொல்ல மாட்டேன். வெயிலில்தான் கிடந்திருப்பாள். ஆனால் மஞ்சள் பையோடு திரும்பிப் போயிருக்க மாட்டாள்.

அவளிடம் ஒன்று சொல். தலைக்குத் துணி கட்டிக்கொள்ளட்டும், அந்தத் தூள் முடிக்குள் போனால் வாசம் போகவே போகாது. நாங்கள் பாசார் சந்தைக்குப் போனால் மசாலைக் கடைக்காரிகள் போல மணப்போம். இன்னொன்றும் சொல். வண்டு வரும். வந்தால் அவளைக் கேட்க மாட்டார்கள். இங்கே அப்படித்தான் வந்தது. ஒரு நாள் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் நாங்கள் பந்தும் கையுமாக நிற்கிறோம், வேலை வாங்குகிற மண்டோர் வந்து, "பவுடர் பொம்பளைங்க எல்லாம் உதிரிப் பழம் பொறுக்கப் போங்க. இனிமே வண்டே பாத்துக்கும்" என்றான். அவ்வளவுதான். சாக்கை இழுத்துக்கொண்டு முள்ளில் குனிந்து பழம் பொறுக்கித்தான் இந்த முழங்கால் இப்படி ஆனது.

இங்கே ஒரு கூத்து கேள். ஆலைக்குப் போகிற லோரி பழத்தை ஏற்றிக்கொண்டு நாள் முழுக்க என் வாசலைத் தாண்டிப் போகிறது. கடைக்குப் போனால் மலிவு விலை எண்ணெய் பாக்கெட் இல்லை. "மின்யாக் ஹாபிஸ் லா, ஆச்சி" என்கிறான் சீனன். எண்ணெய் தீர்ந்துவிட்டதாம். "அப்ப ரோட்டுல போவுதே அது என்னா, தண்ணியா?" என்று கேட்டேன். அவனுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டான். உன் அரசாங்கத்திடம் சொல்லி வை. மரத்தில் காய்த்தால் போதாது, அடுப்புக்கு வந்து சேர வேண்டும்.

சேலை அரக்கு நிறத்தில் எடு. வெள்ளை வேண்டாம். கட்டி வாழ்ந்தவளாகவே போகிறேன்.

அக்கா,
பஞ்சாலை


மேலப்பட்டு,
11.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கீழே "அக்கா" என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

பழம் பிடித்துவிட்டது. நீ பார்க்க வேண்டும். அழுகிப் போன குலையைப் பார்த்துப் பார்த்து வெறுத்திருந்த கண்ணுக்கு, உச்சி கறுப்பும் அடி சிவப்புமாக நெருக்கிக்கொண்டு நிற்கிற குலை எப்படி இருக்கும், உனக்குச் சொல்லவா வேண்டும். முதல் வெட்டு பொங்கலுக்கு முன்னால் விழுந்தது. ஆலையிலிருந்து வண்டி வந்தது. திலகா ஒரு பழத்தை நசுக்கி, கையில் வழிந்த எண்ணெயைத் தன் தலையிலேயே தடவிக்கொண்டாள். அவள் சிரித்து வெகு நாளாயிற்று. இது அத்தைக்கு முதலில் தெரிய வேண்டும் என்று வாயசைத்துச் சொன்னாள்.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. ஆனால் டாக்டர் கொஞ்ச காலம் பிளேன் ஏறக் கூடாது என்கிறார். நெஞ்சில் அடைப்பு, ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். பயப்படாதே. உனக்குக் கொடுத்த சொல் தாமதமாகக் கூடாது என்று சேலையை மட்டும் பார்சலில் அனுப்புகிறேன். அரக்குதான். கும்பகோணத்துக் கடையில் நானே நின்று எடுத்தேன். திலகா மடித்துக் கட்டினாள். துணி முன்னால் போகட்டும், நான் பின்னால் வருகிறேன்.

தம்பி,
மணியம்


சுவா,
9.3.2025

மணியத்துக்கு,

துணி வந்தது. கோடி வரவில்லை.

தபால்காரப் பையன், "நெனெக், ஹடியா?" என்று கேட்டுக் கொடுத்தான். பரிசாம். எனக்குச் சாவுத் துணி வந்திருக்கிறது என்று அவனிடம் எப்படிச் சொல்வது. கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். மீன் வாங்குவது போல வாசலில் நின்று வாங்கிக்கொண்டேன்.

கோடி என்றால் சேலை என்றா நினைத்தாய்? சேலை சிரம்பானில் தெருவுக்குத் தெரு தொங்குகிறது. கோடி என்பது அதைக் கொண்டுவருகிற ஆள். பொறந்த வீட்டிலிருந்து ஒருத்தன் வாசல்படி ஏறி வர வேண்டும். "யாரு வர்றது?" என்று நாலு பேர் கேட்க வேண்டும். "பஞ்சாலை தம்பி" என்று ஒருத்தி சொல்ல வேண்டும். தோட்டக்காட்டில் தனியாக விட்டுப் போனார்களே, அந்தப் பெண்ணுக்கும் ஒரு வீடு இருந்தது என்று எல்லாரும் பார்க்க வேண்டும். இது நீலாவதிக்கே தெரிந்திருந்தது. உனக்குத் தெரியவில்லை. பார்சலில் அனுப்புகிறான் பார், பெரிய மனுஷன்.

குழாய் வைத்திருக்கிறார்களாம். லோபாக்கில் முகுந்தன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் மூன்று குழாய் வைத்துக்கொண்டு மோட்டார் ஓட்டுகிறார். கப்பலில் முதுகைக் காட்டிக்கொண்டு போனவன், பிளேனில் முகத்தைக் காட்டிக்கொண்டு வா. டாக்டரிடம் நான் சொன்னேன் என்று சொல். நீ வரும்வரைக்கும் அந்தத் துணியை மடிப்புக்கூடப் பிரிக்க மாட்டேன். பொய்யன். வாய்ச்சத்தியக்காரன்.

பஞ்சாலை


சுவா,
27.4.2025

என் மருமகள் திலகாவுக்கு அத்தை எழுதுவது.

தம்பி மகள் என்றால் மருமகள்தான், கல்யாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும். தமிழில் அதற்கு வேறு வார்த்தை கிடையாது. இத்தனை வருஷமும் நான் "மணியம் மகள்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீ போன் செய்த அன்று, முகுந்தன் போனை என் காதில் பிடித்துக்கொண்டு நின்றான். நீ சொன்னது எல்லாம் கேட்டது. என் கடைசிக் கடிதம் வந்தபோது அப்பா இருந்தாரா என்று கேட்க எனக்குப் பயம். நீயே சொன்னாய். திரும்பத் திரும்பப் படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாராம். "அக்கா கூப்புடுது. வெள்ளச் சட்டையத் தேச்சு வை" என்றாராம். மறுநாள் தேய்த்த சட்டையை எடுத்துக்கொண்டு போய் எழுப்பினாயாம்.

நான் வாய்க்கு வந்தபடி திட்டித்தான் எழுதியிருந்தேன். அது கூப்பிடுகிறது என்று அவனுக்குக் கேட்டிருக்கிறது. காது போனவனுக்கு.

அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுத்தான் அனுப்பினீர்கள் என்றாய். என் கடிதத்தை எங்கே வைத்தீர்கள் என்று கேட்க மறந்துவிட்டேன். அவனோடு போயிருந்தால் நல்லது. வீட்டில் இருந்தால் இரண்டாம் தடவை படிக்காதே.

செத்தவன் தலையில் கூடப் பிறந்தவள் எண்ணெய் வைக்க வேண்டும். நான் வைக்கவில்லை. ஆயுசு முழுக்க எண்ணெய்க்கு நடுவில் கிடந்தவள், தம்பி தலைக்கு ஒரு கை எண்ணெய் வைக்க முடியவில்லை. நீ வைத்தாயா? பெண்பிள்ளை நீ வைத்திருப்பாய். அதில் என் பங்கும் இருக்கட்டும்.

கருமாதி அன்று பெட்டியைத் திறந்து அந்த அரக்குச் சேலையை எடுத்தேன். "அத்த, அது கட்டக் கூடாத துணி" என்றாள் முகுந்தன் பெண்டாட்டி. கட்டினேன். இனி அதை யார் கொண்டுவந்து என் மேல் போடுவார் என்று மடித்து வைப்பது. கட்டிக்கொண்டு செம்பனைக் காடு வரைக்கும் நடந்தேன். ஆண் பூ விரிந்திருந்தது. சேலையில் நீ மடித்த கையின் சோம்பு வாசம், மரத்தில் அடித்ததும் அதே வாசம். மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மணியம் வந்து பக்கத்தில் நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டேன் என்று எழுத ஆசை. நினைக்க முடியவில்லை. துறைமுகத்தில் கண்ட முகம்தான் வருகிறது. கிழவன் முகம் எனக்குத் தெரியாது.

உங்கள் நிலத்துக்கு வண்டு வந்துவிட்டதாமே. இனிமேல் பவுடர் வேண்டாம் என்று குணாளன் சொல்லிவிட்டானாம். நான் சொன்னதுதான். உனக்கு அங்கே வேலை இல்லை. எனக்கு இங்கே பொறந்த வீட்டு ஆள் இல்லை.

உன்னை என் வீட்டுக்குக் கேட்டு முன்பு ஒரு தடவை எழுதினேன். பதில் வரவில்லை. இது இரண்டாவது தடவை. அப்பாவின் பாஸ்போர்ட்டைப் பார்த்து நீயும் ஒன்று எடு. நான் இருக்கும்போதே வா. கோடி கொண்டு வா. பெண்பிள்ளை கோடி கொண்டுவரலாமா என்று எவராவது கேட்டால் ரப்பர் பந்தை எடுத்து முகத்தில் ஊதிவிடு. நிறம் எதுவானாலும் சரி. பார்சலில் மட்டும் போடாதே.

உன் முகத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. பிளேன் இறங்கும் இடத்தில் அத்தனை கூட்டத்தில் உன்னை எப்படிக் கண்டுபிடிப்பது என்று முகுந்தன் கேட்டான். கிட்டே போனால் சோம்பு வாசம் அடிக்கும் என்றேன். அவன் எழுந்துபோய் வாசலில் நின்றான். நான் இதை எழுதி முடிக்கிற வரைக்கும் அங்கேயேதான் நிற்கிறான்.

உன் அத்தை,
பஞ்சாலை